தலை, கழுத்துப் புற்றுநோய் செல்களில் மரபணு வெளிப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் செதிள் செல் புற்றுநோயில் மரபணு வெளிப்பாட்டை அளப்பவர்களுக்கும், பிறர் அளந்து தந்த பட்டியலைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டியவர்களுக்கும் இந்தப் பக்கம். இங்குள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகத்தின் வேறு வேறு உருவங்கள்: மாறியது செல்லுக்குள் நடக்கும் வெளிப்பாடா, சாம்பிளுக்குள் இருக்கும் செல்களின் கலவையா?

மரபணு வெளிப்பாடு மாறியது என்றால் மரபணுவே மாறிவிட்டதா?

அப்படி இல்லை. ஒரு மரபணுவிலிருந்து எத்தனை எம்ஆர்என்ஏ (புரதம் உருவாக்குவதற்கான செய்தி) படிகள் எடுக்கப்படுகின்றன என்பதுதான் வெளிப்பாடு. எழுத்து வரிசையில் ஒரு எழுத்துகூட மாறாமல் அந்த எண்ணிக்கை பல மடங்கு ஏறலாம், இறங்கலாம். 11ஆம் குரோமோசோமின் க்யூ13 பகுதி பல கட்டிகளில் பெருகிக் கிடக்கும். அங்கே இருக்கும் சிசிஎன்டி1 மரபணுவும் கூடவே பெருகுவதால் சைக்ளின் டி1 கூடுகிறது. சிடிகேஎன்2ஏ மரபணு ஒரு கட்டியில் அடியோடு அழிந்திருக்கும். இன்னொன்றில் மரபணு முழுதாக இருந்தும் அதன் தொடக்கப் பகுதியில் மீத்தைல் ஒட்டி வாயடைத்துப் போயிருக்கும். அளவீட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

டிபி53 (பி53 புரதத்துக்கான மரபணு) நேர் எதிர். எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) இல்லாத கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இதில் சடுதிமாற்றம் உண்டு. ஆனால் எம்ஆர்என்ஏ அளவைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறிய பி53 புரதம் சிதையாமல் செல்லில் குவியும். எம்ஆர்என்ஏ ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

எச்பிவி உள்ள கட்டிகளையும் இல்லாதவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஆராயலாமா?

கூடாது. தொண்டையின் நடுப்பகுதியில், அதாவது டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும், எச்பிவியால் வரும் கட்டி வேறு நோய். வைரஸின் இ6 புரதம் பி53ஐச் சிதைக்கிறது. இ7 புரதம், செல் பிரிவதை அடக்கி வைக்கும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. ஆர்பி முடங்கினால் அது பிடித்து வைத்திருந்த இ2எஃப் புரதம் கட்டவிழ்கிறது, செல் பிரிவதற்கான மரபணுக்கள் எல்லாம் ஏறுகின்றன, எம்சிஎம் குடும்பம் உட்பட. ஆர்பியின் பிடி போனதால், செல் பிரிவுக்கு பிரேக்காக இருக்கும் பி16ஐ (சிடிகேஎன்2ஏ மரபணுவின் புரதம்) அடக்கி வைக்கும் கையும் தளர்கிறது. பி16 மிக அதிகமாகிறது. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரத்தோடு தொடர்பு அறுந்துவிட்டதால் வண்டி நிற்பதில்லை.

எச்பிவி இல்லாத கட்டியில் அதே பி16 பெரும்பாலும் காணாமலே போயிருக்கும். ஒரே மரபணு இங்கே ஏறுகிறது, அங்கே இறங்குகிறது. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் ‘மாற்றம் ஏதுமில்லை’ என்று வரும். அது யாருடைய கட்டியைப் பற்றியும் உண்மையல்ல.

இதில் ஒரு பிரைமர் (அளக்க வேண்டிய பகுதியைப் பிடிக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) பொறியும் உண்டு. சிடிகேஎன்2ஏ இடத்திலிருந்து பி16, பி14ஏஆர்எஃப் என இரண்டு புரதங்கள் வருகின்றன. முதல் எக்ஸான் (எம்ஆர்என்ஏவில் நிலைக்கும் மரபணுத் துண்டு) மட்டும் வேறு வேறு, இரண்டாவது பொது. பிரைமர் இரண்டும் பொதுப் பகுதியில் விழுந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். பி16 மட்டும் வேண்டுமென்றால் ஒரு பிரைமர் எக்ஸான் 1 ஆல்ஃபாவில் இருக்க வேண்டும்.

எந்த மரபணுக்கள் வழக்கமாகக் கூடுகின்றன, எவை குறைகின்றன?

குறைபவற்றில் நம்பகமானவை முதிர்ந்த சளிச்சவ்வின் அடையாளங்கள்: கேஆர்டி4, கேஆர்டி13, சிஆர்என்என், எம்ஏஎல், டிஜிஎம்3. செல் முதிர்ச்சியடைவதை நிறுத்திவிட்டது என்பதையே இவை சொல்கின்றன. கூடுபவற்றில் எம்எம்பி1, எம்எம்பி10, எல்ஏஎம்சி2, எல்ஏஎம்பி3, பிடிஎச்எல்எச், ஐஎன்எச்பிஏ ஆகியவை அடிக்கடி தலைகாட்டும். 3ஆம் குரோமோசோமின் க்யூ பகுதி பெருகிய கட்டிகளில் சாக்ஸ்2, டிபி63 ஏறும். புகைப்பழக்கத்தோடு பிணைந்த கட்டிகளில், குறிப்பாகக் குரல்வளையில், என்ஆர்எஃப்2 பாதை முடுக்கிவிடப்பட்டு ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைச் சமாளிக்கும் மரபணுக்கள் உயர்வது உண்டு.

சிஓஎல்1ஏ1, போஸ்டின் போன்றவையும் ‘கூடியவை’ பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். இவற்றைப் புற்றுநோய் செல்லின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கட்டியைச் சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்டுகளே இவற்றைப் பெருமளவில் உருவாக்குகின்றன.

நாக்குக் கட்டியில் ‘குறைந்த மரபணுக்கள்’ பட்டியல் முழுக்கத் தசை மரபணுக்களாக வருகிறதே, ஏன்?

ஒப்பீட்டுக்கு வெட்டிய ‘இயல்பான’ துண்டில் தசை இருந்தது, அவ்வளவுதான். நாக்கின் சளிச்சவ்வுக்குக் கீழே உடனே தசை. கத்தி சற்று ஆழமாகப் போனால் துண்டில் பெரும்பகுதி தசைதான். அதைக் கட்டியோடு ஒப்பிட்டால் சிகேஎம், ஏசிடிஏ1, எம்ஒய்எச்2 எல்லாம் நூறு மடங்கு ‘குறைந்ததாக’ வரும். பாதைப் பகுப்பாய்வில் போட்டால் ‘தசைச் சுருக்கம்’, ‘கால்சியம் சமிக்ஞை’ என்று கவர்ச்சியான தலைப்புகளும் கிடைக்கும். அச்சான கட்டுரைகளிலேயே இந்தத் தவறைப் பார்க்கலாம்.

வாய்த் தரையிலும் கன்னத்தின் உட்புறத்திலும் இதே வேலையை உமிழ்நீர்ச் சுரப்பி செய்யும். ஸ்டேத், எம்யூசி7, எச்டிஎன்3, ஏஎம்ஒய்1ஏ ஆகியவை பட்டியலில் தென்பட்டால் சுரப்பி உள்ளே வந்துவிட்டது.

தடுக்க வழி: உறைந்த துண்டின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு மெல்லிய சீவல் எடுத்து எச் அண்ட் இ சாயமிட்டுப் பாருங்கள். கட்டித் துண்டில் புற்றுநோய் செல்களின் பங்கு 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒதுக்குங்கள், அல்லது லேசர் கொண்டு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். தரவு ஏற்கெனவே கையில் இருந்தால், மேலே சொன்ன தசை, சுரப்பி மரபணுக்களை மட்டும் வைத்து ஒரு ஹீட்மேப் போட்டால் எந்த சாம்பிள் கெட்டது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கட்டியை ஒட்டிய திசு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் இயல்பானது என்று உறுதி சொல்ல முடியாது. புகையும் மதுவும் பட்ட சளிச்சவ்வு பரந்த அளவில் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதை ஸ்லாட்டரும் அவருடைய சகாக்களும் 1953லேயே எழுதிவிட்டார்கள்.

வைமென்டின் கூடியிருக்கிறது. இஎம்டி நடக்கிறது என்று எழுதலாமா?

இஎம்டி என்பது எபிதீலிய செல் தன் இயல்பை விட்டு, நகரும் மெசன்கைமல் செல்லாக மாறுவது; வைமென்டின் அதன் அடையாளமாகக் கருதப்படும் புரதம். திசுவை மொத்தமாக அரைத்து அளந்த தரவாக இருந்தால், எழுதாதீர்கள். ஃபைப்ரோபிளாஸ்ட், ரத்தக்குழாய், நோய் எதிர்ப்பு செல் எல்லாவற்றிலும் வைமென்டின் நிறைய உண்டு. கட்டியில் ஃபைப்ரோபிளாஸ்ட் அதிகமாக இருந்தாலே அந்த எண் ஏறிவிடும்.

2015இல் டிசிஜிஏ (புற்றுநோய் ஜீனோம் அட்லஸ்) குழு 279 கட்டிகளை ஆராய்ந்தபோது வெளிப்பாட்டின்படி நான்கு வகைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று ‘மெசன்கைமல்’. 2017இல் பூரமும் குழுவினரும் 18 நோயாளிகளின் வாய்ப் புற்றுக் கட்டிகளிலிருந்து ஏறக்குறைய 6,000 செல்களைத் தனித்தனியாகப் பிரித்து வரிசைப்படுத்தினார்கள். புற்றுநோய் செல்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது அந்த வகை தனியாக நிற்கவில்லை. அது அடிப்படையில் ‘பேசல்’ வகை; சுற்றியிருந்த ஃபைப்ரோபிளாஸ்டுகளின் குரல்தான் அதை வேறாகக் காட்டியது.

அதே ஆய்வில் அரைகுறை இஎம்டி ஒன்று உண்மையாகவே கிடைத்தது. கட்டியின் முன்னேறும் விளிம்பில், ஃபைப்ரோபிளாஸ்டை ஒட்டியிருக்கும் புற்றுநோய் செல்களில் வைமென்டின், ஐடிஜிஏ5, டிஜிஎஃப்பிஐ, எல்ஏஎம்சி2 ஏறியிருந்தன. எபிதீலிய அடையாளங்களும் முழுதாகப் போய்விடவில்லை. ஜெப்1, ட்விஸ்ட்1 போன்ற வழக்கமான தூண்டிகள் அங்கே தென்படவில்லை. ஆகவே இஎம்டி என்று எழுத வேண்டுமானால் கெரட்டினும் வைமென்டினும் ஒரே செல்லில் சாயம் ஏற்பதைக் காட்டும் இரட்டைச் சாயமாவது கையில் இருக்கட்டும்.

எந்த செல் லைனை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளரும் செல் வகை) எடுப்பது?

நாக்குக்கு கால்27, எஸ்சிசி-25, கீழ்த்தொண்டைக்கு ஃபாடு, எச்பிவி 16 உள்ளதற்கு யூஎம்-எஸ்சிசி-47, யூபிசிஐ-எஸ்சிசி090. ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். குறைந்தது மூன்று, அவற்றில் ஒன்றாவது எச்பிவி உள்ளதாக.

ஹெப்-2 செல்லைக் குரல்வளைப் புற்றுநோய் என்று சொல்லி இன்னும் வேலை செய்கிறார்கள். அது உண்மையில் ஹீலா செல், கேபி என்ற செல் லைனும் அப்படித்தான். ஹீலாவில் எச்பிவி 18 இருக்கிறது, அதாவது இ6, இ7 ஓடிக்கொண்டிருக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் செல். அதில் கிடைத்த ‘குரல்வளை மரபணு மாற்றம்’ எதற்கும் பயன்படாது. வாங்கியதும் ஒரு முறை, உறையவைத்ததை எடுக்கும்போது ஒரு முறை, செல் லைனின் அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்டிஆர் சோதனை செய்யுங்கள்.

ஒப்பீட்டுக்கு இயல்பான வாய்க் கெரட்டினோசைட்டுகளை வளர்க்கிறோம். சரிதானே?

மீடியத்தைப் பாருங்கள். கெரட்டினோசைட் மீடியத்தில் கால்சியம் வழக்கமாக 0.1 மில்லிமோலாருக்கு அருகில்; சீரம் இருக்காது, இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி சேர்த்திருக்கும். புற்றுநோய் செல் வளரும் டிஎம்இஎம் மீடியத்தில் கால்சியம் 1.8 மில்லிமோலார், கூடவே 10 சதவீத சீரம். கெரட்டினோசைட்டுக்குக் கால்சியம்தான் முதிர்ச்சிக்கான சமிக்ஞை. இரண்டு செல்களும் ஆளுக்கொரு வேறு மீடியத்தில் வளர்ந்தால், கிடைக்கும் நூற்றுக்கணக்கான மாற்றங்களில் எது புற்றுநோயால், எது மீடியத்தால் என்று பின்னால் பிரிக்க வழியே இல்லை.

அறுவடைக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு இரண்டையும் ஒரே மீடியத்துக்கு மாற்றுவது ஒரு வழி. முடியாவிட்டால், புற்றுநோய் செல்லையும் கெரட்டினோசைட் மீடியத்தில் ஒரு தட்டு வளர்த்து, மீடியம் மட்டும் மாறினால் என்ன ஆகிறது என்று அளந்து அந்த மரபணுக்களைக் கழித்துவிடுங்கள்.

தட்டின் நிரப்பும் முக்கியம். 70 முதல் 80 சதவீதம் நிரம்பியபோதே எடுங்கள். தட்டு முழுக்க நிரம்பி இரண்டு நாள் கிடந்த செதிள் செல்கள் இன்வாலுக்ரின் போன்ற முதிர்ச்சி மரபணுக்களை ஏற்றத் தொடங்கும். மருந்து போட்ட தட்டில் செல்கள் செத்து இடம் காலியாகி, கன்ட்ரோல் தட்டு மட்டும் நிரம்பி வழிந்தால், மருந்து முதிர்ச்சியைத் தடுத்ததுபோல ஒரு பொய்யான முடிவு வரும். மைக்கோபிளாஸ்மா சோதனையை மாதம் ஒருமுறை பிசிஆரில் செய்யுங்கள். மீடியம் கலங்காது, செல்லும் சாகாது, வெளிப்பாடு மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.

அறுவை அரங்கிலிருந்து வரும் திசுவை எப்படிப் பாதுகாப்பது?

ரத்த ஓட்டம் நின்ற நொடியிலிருந்து கணக்கு தொடங்குகிறது. ஃபாஸ், ஜூன், ஈஜிஆர்1 ஆகியவை நிமிடங்களில் ஏறும். ஆக்சிஜன் குறைவுக்கான மரபணுக்கள் பின்தொடரும். 20, 30 நிமிடங்களுக்குள் திரவ நைட்ரஜனிலோ ஆர்என்ஏலேட்டரிலோ போட்டுவிடுங்கள். ஆர்என்ஏலேட்டர் என்றால் துண்டின் ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், திரவம் திசுவைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு. 4 டிகிரியில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிறகு மைனஸ் 80. தடித்த துண்டை அப்படியே போட்டால் வெளிப்புறம் பதமாகி நடுப்பகுதி அழுகும்.

எடுத்த நேரமும் உறையவைத்த நேரமும் ஒவ்வொரு குழாயிலும் எழுதப்பட வேண்டும். கட்டித் துண்டு முதலிலும் இயல்பான துண்டு அரை மணி கழித்தும் வருவது பல இடங்களில் நடைமுறை. அந்த அரை மணி நேரமே ‘வேறுபாடு’ ஆகிவிடும்.

ஆர்என்ஏ எடுக்கும்போது எங்கே கெடுகிறது?

10 சதுர சென்டிமீட்டர் தட்டுக்கு 1 மில்லி ட்ரைசால். அறை வெப்பத்தில் 5 நிமிடம். 0.2 மில்லி குளோரோஃபார்ம் சேர்த்து 15 விநாடி பலமாகக் குலுக்கி, 2–3 நிமிடம் வைத்து, 4 டிகிரியில் 12,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றுங்கள். மேலே நிற்கும் நிறமற்ற நீரடுக்கை மட்டும் எடுங்கள். இங்கேதான் பேராசை காரியத்தைக் கெடுக்கும்: நடுவில் வெள்ளையாக நிற்கும் படலத்தைத் தொட்டால் டிஎன்ஏ வந்துவிடும். கடைசி 100 மைக்ரோலிட்டரை விட்டுவிடுங்கள். அரை மில்லி ஐசோப்ரோபனால், 10 நிமிடம், மீண்டும் 12,000 ஜி 10 நிமிடம். 75 சதவீத எத்தனாலில் 1 மில்லி கழுவி 7,500 ஜி 5 நிமிடம். உருண்டையை எலும்பாகக் காயவிட்டால் கரையாது. ஓரம் கண்ணாடிபோல் ஆகும்போதே நீர் ஊற்றி 55 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள்.

260/280 விகிதம் 2.0க்கு அருகில் இருந்தும் 260/230 விகிதம் 1க்குக் கீழே இருந்தால் குவானிடின் உப்பு மிச்சம். இன்னொரு எத்தனால் கழுவல் போதும். இந்த எண்கள் ஆர்என்ஏ உடைந்ததா என்று சொல்லாது. அதற்கு ஆர்என்ஏவின் முழுமையைக் காட்டும் ரின் மதிப்பு வேண்டும். வரிசைப்படுத்த 7க்கு மேல் இருப்பது நல்லது. கலந்த டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதிக் கட்டத்தைத் தவிர்க்க வேண்டாம்.

க்யூபிசிஆரில் (படியெடுத்துப் பெருக்கி எம்ஆர்என்ஏவை அளக்கும் முறை) ஜிஏபிடிஎச் மட்டும் ஒப்பீட்டு மரபணுவாகப் போதுமா?

போதாது, இந்தப் புற்றுநோயில் குறிப்பாக. கட்டிகளில் ஆக்சிஜன் குறைவான பகுதிகள் நிறைய. ஜிஏபிடிஎச் குளுக்கோஸை உடைக்கும் பாதையில் வேலை செய்யும் நொதி. ஆக்சிஜன் குறைந்தால் எச்ஐஎஃப்-1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் அதை ஏற்றிவிடும். அளவுகோலே நீண்டுவிட்டால் மற்றதெல்லாம் குட்டையாகத் தெரியும். தவிர, இன்ட்ரான் இல்லாத போலி மரபணுக்கள் ஜிஏபிடிஎச்சுக்கு ஏராளம். எக்ஸான் சந்திப்பில் பிரைமர் வைத்தாலும் டிஎன்ஏ கலப்பு அதன் வழியே நுழைந்துவிடும்.

ஆர்பிஎல்பி0, டிபிபி, எச்பிஆர்டி1 என நான்கைந்தைச் சோதித்து, உங்கள் சாம்பிள்களில் அசையாமல் நிற்கும் இரண்டு மூன்றின் சராசரியை எடுங்கள். கணக்கு இப்படி: கட்டியில் எல்ஏஎம்சி2 சிடி மதிப்பு (சமிக்ஞை தெரியும் சுழற்சி எண்; குறைந்தால் எம்ஆர்என்ஏ அதிகம்) 22.4, ஒப்பீட்டு மரபணுக்களின் சராசரி 19.1, வித்தியாசம் 3.3. இயல்பான திசுவில் 26.9, 19.6, வித்தியாசம் 7.3. இரண்டுக்கும் இடையே 4 சுழற்சி, ஆகவே 2இன் 4ஆம் அடுக்கு, 16 மடங்கு கூடுதல். இதே கணக்கில் ஒப்பீட்டு மரபணு கட்டியில் மட்டும் 1.5 சுழற்சி முன்னால் வந்திருந்தால் விடை 5.7 மடங்குக்கு விழுந்துவிடும். எல்ஏஎம்சி2 துளியும் மாறவில்லை.

பிரைமரின் திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள், அதாவது நேர்கோட்டின் சாய்வு மைனஸ் 3.6க்கும் மைனஸ் 3.1க்கும் இடையே இருந்தால்தான் இந்த ‘2இன் அடுக்கு’ செல்லும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் நொதி) சேர்க்காத கன்ட்ரோல் குறைந்தது 7 சுழற்சி பின்தங்கி வர வேண்டும். அப்படியானால் டிஎன்ஏ கலப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழே.

ஆர்என்ஏ சீக்வென்சிங்குக்கு எத்தனை சாம்பிள், எவ்வளவு ஆழம்?

ஒரு சாம்பிளுக்கு 2 முதல் 3 கோடி ரீடு (கருவி படித்துத் தரும் துண்டு) போதும். பணம் மிஞ்சினால் ஆழத்தில் போடாமல் சாம்பிள் எண்ணிக்கையில் போடுங்கள். செல் லைனுக்கு மூன்று என்பது அடிமட்டம், ஆறு இருந்தால் நிம்மதி. ஒரே தட்டிலிருந்து மூன்று குழாய் எடுத்தால் அது ஒன்றுதான்.

ஒரே நோயாளியின் கட்டியும் இயல்பான திசுவும் இருந்தால் டிசைனில் நோயாளியையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இரைச்சலாகி, உண்மையான மாற்றங்களை மூடிவிடும். டிஇசெக்2, எட்ஜ்ஆர் ஆகிய பகுப்பாய்வு மென்பொருள்கள் இரண்டுக்கும் கொடுக்க வேண்டியது முழு எண் கவுண்டுகள். நீளத்துக்கும் ஆழத்துக்கும் சரிசெய்த எஃப்பிகேஎம், டிபிஎம் கொடுத்தால் மென்பொருள் சில சமயம் மறுக்காமல் ஓடும். விடை மட்டும் தப்பு.

மனித ஜீனோமோடு மட்டும் ஒப்பிட்டால் எச்பிவி ரீடுகள் ‘பொருந்தாதவை’ கூடையில் போய்விடும். எச்பிவி 16இன் ஜீனோம் சுமார் 7,900 எழுத்துதான். அதையும் 18, 33, 35 ஆகியவற்றையும் குறிப்புக் கோப்பில் ஒட்டிவிட்டால் இ6, இ7 ஓடுகிறதா என்பது கூடுதல் செலவின்றித் தெரியும்.

பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த திசுவில் செய்ய முடியுமா?

முடியும். ஆர்என்ஏ துண்டு துண்டாக இருக்கும், அதனால் ரின் பார்த்துப் பயனில்லை. 200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள துண்டுகளின் பங்கைச் சொல்லும் டிவி200 மதிப்பு 30 சதவீதமாவது இருக்கட்டும். எம்ஆர்என்ஏவின் வாலைப் பிடிக்கும் பாலி-ஏ வழி வேண்டாம், ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் வழி அல்லது புரோப் வழி. உறைந்த சாம்பிளையும் பாரஃபின் சாம்பிளையும் ஒரே ஒப்பீட்டில் கலக்காதீர்கள்.

எம்ஆர்என்ஏ கூடினால் மருந்து வேலை செய்யுமா?

ஈஜிஎஃப்ஆர் (செல் வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் ஏற்பி) இதற்கு நல்ல எச்சரிக்கை. பெரும்பாலான கட்டிகளில் அது மிகுந்திருக்கிறது. அதைத் தடுக்கும் செடுக்சிமாப் 2006இல் கதிர்வீச்சோடு சேர்த்துப் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் ஈஜிஎஃப்ஆர் எவ்வளவு அதிகம் என்பதை வைத்து யாருக்குப் பயன் தரும் என்று இந்தப் புற்றுநோயில் பிரிக்க முடியவில்லை.

சிகிச்சை முடிவில் இன்று நேரடியாக நுழையும் வெளிப்பாட்டுச் சோதனைகள் புரதச் சாயங்கள்தான். பி16இல், நடுத்தரம் முதல் வலுவான சாயம் கருவிலும் சைட்டோபிளாசத்திலும் 70 சதவீத செல்களிலாவது இருக்க வேண்டும். நோய் எதிர்ப்பு செல்களை அடக்கும் பிடி-எல்1 புரதத்தில் சிபிஎஸ் மதிப்பெண் என்பது சாயமேற்ற புற்றுநோய் செல், லிம்ஃபோசைட், மேக்ரோஃபேஜ் மூன்றையும் கூட்டி, உயிருள்ள புற்றுநோய் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து 100ஆல் பெருக்குவது. ஸ்லைடில் 100 புற்றுநோய் செல்லாவது இல்லாவிட்டால் மதிப்பிடக்கூடாது. கவனியுங்கள், இங்கே கலவையைத் தெரிந்தே அளக்கிறார்கள்.

பி16 மிகுந்திருந்தால் எச்பிவி என்று முடிவு கட்டலாமா?

தொண்டையின் நடுப்பகுதியில் பெரும்பாலும் சரி. ஆனால் அங்கேயும் பி16 மிகுந்தவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில் வைரஸ் இருக்காது. வாய்க்குழியிலும் குரல்வளையிலும் பி16ஐ மட்டும் நம்பவே கூடாது. ஆய்வுக்கு என்றால் இ6/இ7 எம்ஆர்என்ஏவைக் காட்டுங்கள். டிஎன்ஏ மட்டும் கிடைத்தால் வைரஸ் அங்கே சும்மா கிடந்திருக்கலாம்.

ஒரு மரபணு அதிகமாக உள்ளவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று வளைகோடு வருகிறது. நம்பலாமா?

‘அதிகம்’, ‘குறைவு’ என்று எந்தப் புள்ளியில் பிரித்தார்கள் என்று முதலில் பாருங்கள். மென்பொருளை ‘சிறந்த புள்ளியை’த் தேடச் சொன்னால் அது பல இடங்களில் வெட்டிப் பார்த்து, பி மதிப்பு மிகச் சிறியதாக வருவதை எடுத்துக் கொடுக்கும், அத்தனை முயற்சிகளுக்கும் திருத்தம் செய்யப்பட்டிருக்காது. அடுத்து எச்பிவியைப் பாருங்கள். எச்பிவி உள்ளவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், ஆகவே எச்பிவியோடு ஏறும் எந்த மரபணுவும் ‘காப்பாற்றுவதாக’த் தோன்றும். எச்பிவி இல்லாதவர்களை மட்டும் பிரித்து, நடுமதிப்பில் வெட்டி, மீண்டும் வரையுங்கள். பல வளைகோடுகள் அந்த இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும்.